கறிக்கோழித் தீவனத்தில் புரதத்தைக் குறைக்கலாம். லைசினைக் குறைக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கறிக்கோழி வளர்ப்பவர்களிடம் ஒரு பேச்சு வேரூன்றிப் போயிருக்கிறது. பேட்ச் எடை வரவில்லை என்றால் முதல் சந்தேகம் தீவனத்தின் மேல் விழும். தீவனத்தில் முதல் சந்தேகம் புரதத்தின் மேல் விழும். "இருபத்தொன்று இருந்ததைப் பத்தொன்பதரை ஆக்கிவிட்டான், அப்புறம் எப்படி எடை ஏறும்?" என்று கேட்பவர்கள், 21 சதவீதம் என்று அச்சடித்த மூட்டை கிடைத்தால் அதை நம்பி வாங்குகிறார்கள். இரண்டு முடிவுமே தவறாகப் போக இடமுண்டு. தீவனக் கலவைப் பணியில் இருப்பவர்கள் என்ற முறையில் இதன் கணக்கை விவரமாக எழுத விரும்புகிறோம். சோயா விலை ஏறும்போதெல்லாம் இதே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. 2021-இல் சோயாப் புண்ணாக்கு விலை கட்டுக்கடங்காமல் ஏறி, அந்த ஆகஸ்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்ற சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதிக்கும் அளவுக்குப் போனது. அப்போது சோயாவைக் கண்ணை மூடிக்கொண்டு குறைத்தவர்களும் நட்டப்பட்டார்கள். ஒரு கிலோகூடக் குறைக்க மாட்டேன் என்று நின்றவர்களும் நட்டப்பட்டார்கள்.

மூட்டையில் உள்ள புரத எண் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆய்வகத்தில் யாரும் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த யோகான் கெல்டால் 1883-இல் வகுத்த முறைப்படி தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கி, வருவதைக் கச்சாப் புரதம் என்று எழுதுகிறார்கள். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். நூறு கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியா கலந்தால் அறிக்கையில் புரதம் கிட்டத்தட்ட 2.9 புள்ளி கூடிக் காட்டும். கோழிக்கு அதில் ஒரு குன்றிமணிப் பயனும் இல்லை. கலப்படம் செய்யாதவர்களிடமும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. எத்தனால் ஆலைகளிலிருந்து இப்போது தாராளமாக வரும் அரிசி டிடிஜிஎஸ் (அரிசியிலிருந்து எத்தனால் எடுத்தபின் எஞ்சும் உலர் சக்கை) 40 சதவீதத்துக்கு மேல் புரதம் காட்டும். ஆனால் புரதத்தின் கட்டுமானப் பொருட்களான அமினோ அமிலங்களில் ஒன்றான லைசின், செரிக்கக்கூடிய அளவில், அதில் சோயாவில் இருப்பதில் பாதிகூடத் தேறாது. அதைக் கொண்டு 21 சதவீதத்தை எட்டிய தீவனத்தைவிட, அமினோ அமிலம் சரியாகச் சேர்த்த 19.5 சதவீதத் தீவனம் பல மடங்கு மேல்.

கோழிக்குத் தேவை உடலால் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களும், மீதமுள்ளவற்றை உடலே செய்துகொள்ளப் போதுமான நைட்ரஜனும்தான். மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த நம் தீவனத்தில் முதலில் தட்டுப்படுவது மெத்தியோனின். அடுத்தது லைசின், பிறகு திரியோனின், அதன்பின் வாலின். அதற்கும் கீழே போனால் ஐசோலூசின், ஆர்ஜினின், கிளைசின் எல்லாம் வரிசையாகக் கையை விரிக்கும். செங்கல் மலைபோல் குவிந்திருந்தாலும் சிமென்ட் தீர்ந்த இடத்தில் கட்டட வேலை நிற்பது போல, இவற்றில் எது முதலில் தீர்கிறதோ அந்த இடத்தில் தசை வளர்வது நிற்கும். தசையாக மாறாத மற்ற அமினோ அமிலங்களைக் கோழி சேமித்து வைக்காது. உடைத்து, நைட்ரஜனை யூரிக் அமிலமாக்கி எச்சத்தில் தள்ளிவிடும். அந்த வேலைக்கு ஆற்றல் செலவாகும், உடல் சூடு கூடும், கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். ஒரு யூரிக் அமில மூலக்கூறு உருவாக ஒரு கிளைசின் மூலக்கூறும் செலவாகிறது.

ஆகவே புரதத்தைக் குறைப்பது என்றால் சோயாவை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பது என்று பொருளில்லை. அளவுக்கு மேல் இருந்த அமினோ அமிலங்களைக் குறைத்து, தட்டுப்படுபவற்றைத் தூளாகச் சேர்ப்பதுதான் அது. லைசினை அளவுகோலாக வைத்து மற்றவற்றை அதற்கு விகிதமாகக் கணக்கிட வேண்டும். செரிக்கும் லைசின் 100 என்றால் மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 75 முதல் 76, திரியோனின் 66 முதல் 67, வாலின் 76, ஐசோலூசின் 67 முதல் 68, ஆர்ஜினின் 105 முதல் 107, ட்ரிப்டோபன் 16 முதல் 17. மொத்த லைசின் என்று எழுதிய எண்ணை இங்கே போடக் கூடாது. செரிக்கும் லைசின் எண்ணைத்தான் போட வேண்டும்.

ஒரு டன் தீவனத்தை வைத்துப் பார்ப்போம். 11-ஆம் நாள் முதல் 24-ஆம் நாள் வரை தரும் ஸ்டார்ட்டர் தீவனம். செரிக்கும் லைசின் இலக்கு 1.15 சதவீதம். மக்காச்சோளத்தில் புரதம் 8.5 சதவீதம், செரிக்கும் லைசின் 0.22 சதவீதம் என்றும், சோயாப் புண்ணாக்கில் புரதம் 46 சதவீதம், செரிக்கும் லைசின் 2.5 சதவீதம் என்றும் எடுத்துக்கொள்கிறோம். வழக்கமான கலவையில் மக்காச்சோளம் 590 கிலோ, சோயா 340 கிலோ, எண்ணெய் ஏறக்குறைய 28 கிலோ, மீதி டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்), சுண்ணாம்புக்கல் தூள், உப்பு, சோடா உப்பு, வைட்டமின்-தாது பிரிமிக்ஸ். இதற்கு லைசின் ஹைட்ரோகுளோரைடு 2.1 கிலோ, டிஎல்-மெத்தியோனின் 2.8 கிலோ, திரியோனின் 900 கிராம் போதும். புரதம் 21 சதவீதத்தை ஒட்டி நிற்கும். வாலின், ஐசோலூசின், ஆர்ஜினின் மூன்றும் சோயாவிலிருந்தே நிறைந்துவிடும்.

முதல் படியாக சோயாவை 315 கிலோவுக்கு இறக்கி மக்காச்சோளத்தை 620 கிலோவாக்கலாம். லைசின் 2.9 கிலோ, மெத்தியோனின் 3.1 கிலோ, திரியோனின் 1.2 கிலோ என்று உயரும். புதிதாக வாலின் 300 முதல் 400 கிராம் வேண்டும். ஐசோலூசினும் ஆர்ஜினினும் விளிம்பில் நிற்கும், ஆனால் விழாது. புரதம் 20.3 சதவீதம். சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இந்த இடத்தில் முதலில் நிற்கும்படிதான். விலை அதிகமான ஐசோலூசினையும் ஆர்ஜினினையும் வாங்காமலே டன்னுக்கு 25 கிலோ சோயா மிச்சமாகிறது.

இரண்டாவது படியில் சோயா 285 கிலோ, மக்காச்சோளம் 655 கிலோ. இங்கே ஆறு அமினோ அமிலங்களும் வேண்டும்: லைசின் 3.7 கிலோ, மெத்தியோனின் 3.3 கிலோ, திரியோனின் 1.6 கிலோ, வாலின் 800 கிராம், ஐசோலூசின் 700 கிராம், ஆர்ஜினின் 950 கிராம். புரதம் 19.6 சதவீதம், அதாவது ஒன்றரைப் புள்ளி குறைவு. மக்காச்சோளம் கூடுவதால் எரிசக்தியும் கூடும்; எண்ணெயை டன்னுக்கு ஏறக்குறைய 12 கிலோ குறைக்காவிட்டால் அந்தக் கூடுதல் ஆற்றல் வயிற்றுக் கொழுப்பாகப் போய்ச் சேரும். கறிக்கடையில் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று புகார் வந்தால் பெரும்பாலும் லைசினுக்கும் எரிசக்திக்கும் உள்ள விகிதம் கெட்டிருக்கும். குறைப்புரதத் தீவனத்தின் மேல் வரும் புகார்களில் நியாயமானது இது. திருத்தம் எண்ணெயில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் இந்தப் படியில் மறக்கக் கூடாது. மக்காச்சோளத்தில் லூசின் அதிகம். லூசின் கூடினால் வாலின், ஐசோலூசின் இரண்டின் தேவையும் கூடும். மக்காச்சோள டிடிஜிஎஸ்ஸும் சேர்க்கிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. அவர்கள் வாலினை 76-க்குப் பதில் 78 முதல் 80 வரை வைத்துக்கொள்வது நல்லது. லைசினை மட்டும் வாரிப் போட்டாலும் தொல்லைதான். லைசின் மிஞ்சினால் ஆர்ஜினினை உடைக்கும் நொதி சிறுநீரகத்தில் கூடுகிறது. கோழிக்கு யூரியா சுழற்சி கிடையாது என்பதால் ஆர்ஜினினைத் தானே செய்துகொள்ளவும் முடியாது. சோயாவைக் குறைத்துவிட்டு லைசினும் மெத்தியோனினும் மட்டும் போட்டால் ஒப்பேறிவிடும் என்ற பழைய பழக்கம் தோற்பது இப்படித்தான்.

முதல் பத்து நாள் தீவனத்தில் கை வைக்க வேண்டாம். குஞ்சின் குடல் வளரும் காலம் அது. கிளைசினும் செரினும் தேவைப்படுவதில் உச்சம் அப்போதுதான். மீன் தூளோ இறைச்சித் தூளோ இல்லாத முழுத் தாவரத் தீவனத்தில் கிளைசின் ஏற்கெனவே ஒட்டித்தான் இருக்கும். ப்ரீ-ஸ்டார்ட்டர் என்ற இந்தத் தீவனத்தில் மிச்சமாகும் தொகையும் சொற்பம். ஒரு குஞ்சு அந்தப் பத்து நாளில் தின்பதே 250 முதல் 300 கிராம்தான். 24-ஆம் நாளுக்குப் பிந்தைய ஃபினிஷரில் துணிந்து இரண்டு புள்ளிவரை போகலாம். தீவனத்தின் பெரும் பகுதி செலவாவதும் அங்கேதான்.

சோயாவைக் குறைக்கும்போது கூடவே குறைவது பொட்டாசியம். இந்தக் கணக்கைப் போடாததால் கெட்ட பேட்ச்கள்தான் எங்கள் பார்வையில் அதிகம். சோயாவில் பொட்டாசியம் 2.1 சதவீதம், மக்காச்சோளத்தில் 0.33 சதவீதம். மேலே சொன்ன இரண்டாவது படியில் தீவனத்தின் பொட்டாசியம் 0.91-இலிருந்து 0.81 சதவீதமாக இறங்குகிறது. அதே நேரம் கூடுதலாகப் போட்ட 1.6 கிலோ லைசின் ஹைட்ரோகுளோரைடு 0.03 சதவீதம் குளோரைடைக் கொண்டுவருகிறது. சோடியம் சதவீதத்தை 435-ஆலும் பொட்டாசியத்தை 256-ஆலும் பெருக்கிக் கூட்டி, குளோரைடை 282-ஆல் பெருக்கிக் கழித்தால் கிடைப்பது மின்பகு சமநிலை எண். அது 200-க்குக் கீழே போகாமல், 240 வரை இருப்பது நல்லது. நம் இரண்டாவது கலவையில் இந்த எண் 32 அல்லது 33 சரியும். கோழி பசி குறைந்து நிற்கும், வெயில் நாளில் இளைப்பு கூடும். பழி புரதத்தின் மேல் விழும்.

இதைச் சரிசெய்வது எளிது. டன்னுக்கு 3 கிலோ சாப்பாட்டு உப்பு போட்டுவந்தால் அதில் 1.5 கிலோவை எடுத்துவிட்டு 2.2 கிலோ சோடா உப்பை (சோடியம் பைகார்பனேட்) சேர்க்க வேண்டும். சோடியம் மாறாது, குளோரைடு 0.09 சதவீதம் குறையும். சரிந்ததில் 25 புள்ளி மீண்டும் வந்துவிடும். மீதிக்கு அரைக் கிலோ பொட்டாசியம் கார்பனேட். குளோரைடு 0.16 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதால் உப்பை முழுவதும் நிறுத்திவிடக் கூடாது. லைசின் ஹைட்ரோகுளோரைடுக்குப் பதில் லைசின் சல்பேட் வாங்கினால் குளோரைடு கூடாது. ஆனால் அதில் லைசின் செறிவு குறைவு, ஆகவே எடையைக் கூட்டிப் போட வேண்டும். சோயாவோடு கோலின் என்ற வைட்டமின் போன்ற சத்தும் போகிறது. 55 கிலோ சோயா குறைந்ததற்கு ஈடாக 60 சதவீத கோலின் குளோரைடு தூள் டன்னுக்கு 250 கிராம் கூட்டினால் போதும்.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. தருமபுரி பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு இருப்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. அதனால் தண்ணீர்ப் பரிசோதனை என்றாலே ஃப்ளோரைடு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். அதே தாளில் சோடியமும் குளோரைடும் இருக்கும். கோழி ஒரு கிலோ தீவனத்துக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கும். தண்ணீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு இருந்தால் அது தீவனத்தில் 0.05 சதவீதம் கூடுதலாகப் போட்டதற்குச் சமம். உப்புக் கணக்கைத் தண்ணீரையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை மாதக் குளிரில் இரவெல்லாம் திரையை இறக்கிவிட்ட கொட்டகைக்குள் விடியற்காலையில் நுழைந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தைக் கொட்டகைத் தரைப் படுக்கையான கூளத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. கூளம் ஈரமாகி, காரத்தன்மையும் ஏறினால் அது வேகமாகக் காற்றில் கலக்கும். 25 பிபிஎம்மைத் தாண்டினால் மூச்சுக்குழாயின் உள்ரோமங்கள் பாதிக்கப்படும், கண் எரியும், அதன் பின்னால் மூச்சுக்கோளாறு வரும். தினமும் உள்ளேயே இருப்பவர்களின் மூக்கு பழகிப் போய்விடுவதால் வெளியாள் சொன்னால்தான் நெடி தெரிகிறது. தீவனத்தில் புரதம் ஒரு புள்ளி குறைந்தால் எச்சத்தில் போகும் நைட்ரஜன் ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. ஒன்றரைப் புள்ளிக் குறைப்பை 11-ஆம் நாளிலிருந்து விற்பனை வரை கடைப்பிடித்தால், 5,000 கோழிக் கொட்டகையில் ஒரு பேட்ச்சுக்கு ஏறக்குறைய 37 கிலோ நைட்ரஜன் கூளத்தில் சேராமல் நிற்கும். யூரியாவாகச் சொன்னால் 80 கிலோ. 45 கிலோ மூட்டையில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு.

தண்ணீர் குடிப்பதும் குறைவதால் கூளம் காய்ந்து நிற்கும். பாதத்தில் கறுப்புப் புண் குறையும். செரிக்காத புரதம் பின்குடலில் குறைவதால் கிளாஸ்டிரிடியம் கிருமிக்குத் தீனி குறைந்து குடல் அழற்சி அபாயமும் தணிகிறது. கூளத்தை மாந்தோப்புக்கும் தக்காளிக்கும் விற்பவர்களுக்கு உரச்சத்து சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால் குறைகிற நைட்ரஜனில் ஒரு பங்கு எப்படியும் கொட்டகைக்குள்ளேயே அம்மோனியாவாகப் பறந்து கோழியின் நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருந்ததுதான்.

ஒரே சூத்திரம் இரண்டு மாவட்டத்துக்கும் பொருந்தாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம்; தருமபுரி அதில் பாதி. சித்திரை வெயிலில் அரூர், மொரப்பூர் பக்கத்துக் கோழி தீவனத்தை ஒதுக்கும்போது ஓசூர்க் கோழி நன்றாகவே தின்னும். பத்தில் ஒரு பங்கு தீனி குறைந்தால் லைசினும் அதே அளவு குறைவாகத்தான் உள்ளே போகும். ஆகவே வெயில் மாதங்களில் புரதத்தைக் குறைத்தே வைத்து, செரிக்கும் லைசினையும் அதன் விகிதப்படி மற்றவற்றையும் 5 சதவீதம் உயர்த்த வேண்டும். வெயிலுக்குப் புரதம் ஆகாது என்று கேட்டுவிட்டு அமினோ அமிலத்தையும் சேர்த்துக் குறைத்தால் நெஞ்சுக்கறி வற்றிவிடும்.

கலப்பதில் வரும் பிழை, சூத்திரத்தில் வரும் பிழையைவிட அதிகம். டன்னுக்கு 800 கிராம் வாலின் என்றால் 1,250-இல் ஒரு பங்கு. அதை நேராக மிக்சரில் கொட்டினால் ஒரு மூட்டையில் இரட்டிப்பும் இன்னொன்றில் பூஜ்யமும் போகும். ஆறு அமினோ அமிலங்களையும் தனித்தனியாக, 5 கிராம் துல்லியமுள்ள தராசில் நிறுத்து, 14 கிலோ மக்காச்சோள மாவோடு சேர்த்து 25 கிலோ முன்கலவையாக்க வேண்டும். பாதி மக்காச்சோளமும் பாதி சோயாவும் விழுந்த பிறகு முன்கலவையைப் போட்டு, மீதியை அதன்மேல் விட வேண்டும். எண்ணெயை உலர்கலவை முடிந்த பிறகே ஊற்ற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் தூள் உருண்டை கட்டும். படுக்கைவாட்டு ரிப்பன் மிக்சருக்கு 3 முதல் 5 நிமிடம், செங்குத்து மிக்சருக்கு 15 நிமிடம். ரிப்பன் தேய்ந்து தொட்டியின் அடியோடு இடைவெளி விழுந்திருந்தால் எத்தனை நிமிடம் ஓட்டினாலும் பயனில்லை. ஒரே கலவையில் பத்து இடத்தில் மாதிரி எடுத்து உப்பின் அளவைச் சோதித்தால் மிக்சரின் குணம் தெரிந்துவிடும். மாதிரிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டும் மாறுபாட்டுக் கெழு 10 சதவீதத்துக்கு மேல் போனால் முதலில் மிக்சரைச் சரிசெய்யுங்கள், புரதத்தைப் பிறகு குறைக்கலாம். கோலின் குளோரைடு ஈரத்தை இழுக்கும். அதை வைட்டமின் பிரிமிக்ஸோடு சேர்த்து வைத்தால் வைட்டமின் கெடும்.

மூலப்பொருளின் தரமும் முன்னைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். கூடுதல் சோயா போட்ட காலத்தில் மட்டமான சோயாவும் எப்படியோ மறைந்துபோனது. விளிம்பில் கணக்குப் போடும்போது மறையாது. சோயாவின் யூரியேஸ் நொதி அளவு 0.05 முதல் 0.20-க்குள் இருக்க வேண்டும். கூடினால் சோயா வேகவில்லை, புரதச் செரிமானத்தைக் கெடுக்கும் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது என்று பொருள். காரக் கரைசலில் கரையும் புரதம் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அளவுக்கு மேல் வறுத்து லைசினைக் கருக்கிவிட்டார்கள். மக்காச்சோளம் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்க வேண்டாம். அஃப்ளாடாக்சின் 20 பிபிபியைத் தாண்டிய சரக்கில் எந்தச் சூத்திரமும் வேலை செய்யாது. இவற்றைச் சோதிக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கால்நடைத் தீவனப் பகுப்பாய்வு மற்றும் தர உறுதி ஆய்வகம் இருக்கிறது. நம் ஊரிலிருந்து எட்டாத தூரமில்லை.

மாற்றத்தை ஒரே நாளில் முழுக் கொட்டகையிலும் செய்ய வேண்டாம். ஒரே குஞ்சுப் பொரிப்பிலிருந்து வந்தவற்றை வலை கட்டி இரண்டாகப் பிரித்து, தலா நூறு கோழி, ஒரே எண்ணிக்கையில் தீவனத் தட்டும் தண்ணீர்க் குவளையும் வைத்துப் பாருங்கள். இரண்டு பிரிவும் கொட்டகையின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். மேற்கு வெயில் படும் ஓரத்தையும் நடுப்பகுதியையும் ஒப்பிட்டால் தீவனத்தை அல்ல, வெயிலைத்தான் அளந்திருப்பீர்கள். 10-ஆம் நாள், 24-ஆம் நாள், விற்பனை நாள் எடையும், தின்ற தீவனமும் குறிக்கப்பட வேண்டும். கடைசியில் பிரிவுக்கு ஐந்து சேவல், ஐந்து பெட்டை அறுத்து நெஞ்சுக்கறியையும் வயிற்றுக் கொழுப்பையும் நிறுக்க வேண்டும். உயிர் எடை சமமாக இருந்து நெஞ்சுக்கறி குறைந்தால் லைசினோ ஆர்ஜினினோ பற்றவில்லை. தீனி கூடி எடை ஏறாமல் எஃப்சிஆர் (ஒரு கிலோ எடை ஏறச் செலவாகும் தீவன அளவு) கெட்டால் ஏதோ ஒரு அமினோ அமிலம் சிறிதளவு குறைவு; அதைத் தேடிக் கோழி கூடுதலாகத் தின்கிறது. இறகு தூக்கிக்கொண்டு முதுகு வெறித்தால் வாலினைப் பாருங்கள். கூளம் திடீரென்று ஈரமானால் தீவனத்தைக் குறை சொல்லும் முன் ரத்தக் கழிச்சல் இருக்கிறதா என்று குடலைக் கீறிப் பார்ப்பது முறை.

ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்கள் தீவனத்தை மாற்ற முடியாது. மூட்டை கம்பெனியிலிருந்து வருகிறது, வளர்ப்புக் கூலி எஃப்சிஆரை வைத்துத்தான் நிர்ணயமாகிறது. ஆனால் கேட்க முடியும். சூப்பர்வைசரிடம் "புரதம் எத்தனை?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "செரிக்கும் லைசின் எத்தனை, மெத்தியோனின்-சிஸ்டின், திரியோனின், வாலின் எத்தனை, எரிசக்தி எத்தனை?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் கம்பெனி புரதத்தை இரண்டு புள்ளி குறைத்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. பதில் சொல்லாத கம்பெனியின் 21 சதவீதத்தை நம்பக் காரணமும் இல்லை.

அரசிடமும் ஒரு கோரிக்கை உண்டு. கறிக்கோழித் தீவனத்துக்கான ஐ.எஸ். 1374 தர நிர்ணயத்தின் 2007 பதிப்பு ப்ரீ-ஸ்டார்ட்டருக்கு 23, ஸ்டார்ட்டருக்கு 22, ஃபினிஷருக்கு 20 சதவீதம் என்று குறைந்தபட்சக் கச்சாப் புரதத்தை வைத்தது. லைசினும் மெத்தியோனினும் அதில் இருந்தாலும் அவை மொத்த அளவுகள். செரிக்கும் அளவுகள் அல்ல. குறைந்தபட்சப் புரதம் என்று ஒரு எண் இருக்கும்வரை அதை மலிவான நைட்ரஜனால் நிரப்பும் ஆசையும் இருக்கும். மூட்டையின் மேல் செரிக்கும் லைசினையும் திரியோனினையும் அச்சிடக் கட்டாயப்படுத்தினால், நேர்மையாகப் புரதம் குறைத்தவரும் கலப்படம் செய்தவரும் ஒரே கூட்டில் அடைபட மாட்டார்கள். ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்திக்கென்றே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது; பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. சொந்தமாக அரைக்கும் பண்ணையாளர்களுக்கு அமினோ அமில முன்கலவை செய்யும் ஒரு நாள் பயிற்சியை வெயில் தொடங்கும் முன், மாசியிலேயே இவர்கள் நடத்தலாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறோம். கறிக்கோழி விலையும் முட்டை விலையும் நாள்தோறும் வெளிவருகின்றன. அதன் பக்கத்தில் வாரம் ஒருமுறை சோயாப் புண்ணாக்கு, மக்காச்சோளம், தீவன எண்ணெய், லைசின், மெத்தியோனின், திரியோனின், வாலின் விலைகளையும் சேர்த்து வெளியிடுங்கள். இரண்டாவது படிக்குப் போகலாமா, முதல் படியிலேயே நிற்பதா என்பதை முடிவு செய்வது 55 கிலோ சோயாவும் 12 கிலோ எண்ணெயும் ஒரு தட்டில், 65 கிலோ மக்காச்சோளமும் கூடுதல் அமினோ அமிலங்கள் ஐந்து கிலோவும் சோடா, கோலின் செலவும் மறு தட்டில் என்ற கணக்குத்தான். விலை கையில் இருந்தால் அந்தக் கணக்கைப் பண்ணையாளர் ஒவ்வொரு வாரமும் தாமே போட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
கோழித் தீவனக் கலவைப் பணியாளர்கள்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.